தெளிந்த தண்ணீர்

ஓர்ஸ் ஹில் குன்றின் சரிவில் இறங்கும் கழிவு வாய்க்காலுக்குள் கணுக்கால் நனைய நிற்கிறார் ஞானசேகரம். மேலேயுள்ள சிறிய ஆஸ்பத்திரியின் மருந்தாளர் அவர். நோயாளரின் கழிவும் கழுவி ஊற்றிய மருந்தும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. நஞ்சு குடித்து வருகிறவர்களுக்கு, அதை உறிஞ்சிக்கொள்ளும் கரியைக் கரைத்துக் கொடுத்துப் பழகிய கை அது. வாய்க்காலுக்கும் அதையே கொடுத்துப் பார்ப்போம் என்று தேங்காய்ச் சிரட்டைக்கரிச் சாக்குகளைக் குறுக்கே அடுக்கியிருக்கிறார். அந்தச் சாக்குகளைத்தான் கடற்படைச் சிப்பாய் ஒருவன் கத்தியால் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

“கரி என்னத்துக்கு? குண்டு செய்யவா?”

“இல்லை சேர், மருந்துத் தண்ணியை வடிக்கத்தான்.”

சிப்பாய் நம்பவில்லை. ஞானசேகரத்தின் இரண்டு கைகளும் தலைமேல் ஏறுகின்றன. கரி சரிந்து, தண்ணீர் காலை வெயிலில் மைபோல மினுங்கியபடி கீழே ஓடுகிறது. வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பரீதா வாளியோடு பதறிக் கரையேறுகிறாள்.

“என்ன ஐயா இந்த ஊத்தை?”

“கரிக்குப் பயப்பிடாதை பிள்ளை, தெளிஞ்சு வாற தண்ணிதான்...”

“கதைக்க வேணாம்!” துவக்கின் முனை அவர் விலாவில் அழுந்துகிறது. வாய் மூடிக்கொள்கிறது. கண்கள் மட்டும் அவளிடமே நிற்கின்றன. அவள் முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி பொறுமையாகக் காத்திருக்கிறாள். நஞ்சை வடிக்க இருந்த கடைசிக் கரித்துண்டும் மிதந்து போகிறது. தண்ணீருக்கடியில் மணல் தெரிகிறது, ஒவ்வொரு பருக்கையாக.

“இப்ப நல்லாத் தெளிஞ்சிட்டுது ஐயா” என்று சிரித்துவிட்டு இறங்கி, வாளியிலிருந்த மட்டிகளை அந்தத் தண்ணீரில் அலசுகிறாள்.