ராமக்காவின் உப்புத் தண்ணீர்

காரிமங்கலத்தில் திருமாலின் வீட்டில் கீழே குடியிருந்த ராமக்கா, மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி காயாமலிருக்கத் தினமும் உப்புத் தண்ணீர் ஊற்றுவார். ஆடியில் அவர் இறந்தபின் குழி காய்ந்தது; மாடியில் குடியிருக்கும் பிரியங்காவுக்குக் கிரைண்டர் ஷாக் அடித்தது. வீட்டுக்காரரிடம் போனாள்.

"தவழ்ற கொழந்தை இருக்குதுங்கண்ணா. புது எர்த் போடுங்க."

"செருப்பு போட்டு மாவாட்டும்மா," என்றார் திருமால்.

"கொழந்தைக்கும் செருப்பு வாங்கித் தாங்க."

மறுநாள் முதல் ஷாக் இல்லை. குழி தினமும் ஈரமாக இருந்தது. பிரியங்கா நன்றி சொன்னபோது, "நீதானம்மா ஊத்தற?" என்றார் திருமால்.

இருவரும் குழியைப் பார்த்தார்கள். அன்றே அவர் புது எர்த் போட்டார்.

பிரியங்கா குழியோரம் ஒரு சொம்பு மோர் வைத்தாள். "இனிமே அலைய வேணாங்கக்கா."

வாங்கிய பாத்திரத்தை ராமக்கா ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. மாலையில், கழுவிய சொம்பு மாடி வாசலில் இருந்தது. உள்ளே ஒரு கைப்பிடி கல்லுப்பு இருந்தது.