நாகவல்லியின் ஒயர்க் கிளி

அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆபீசில் பதினோரு மணி வெயில் டைப்ரைட்டர் மீது விழுகிறது. அதன் பக்கத்தில், நாகவல்லி பச்சை ஒயரில் பின்னிய விரல் நீளக் கிளி சிவப்பு மூக்கோடு உட்கார்ந்திருக்கிறது. "மேஜையில ஃபைலும் மிஷினும்தான் இருக்கணும். எடும்மா இத!" என்று மேனேஜர் வீரராகவன் உறுமுகிறார். அவள் வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. மற்ற டைப்ரைட்டர்களின் சத்தம் நின்றுவிடுகிறது. நாகவல்லி கிளியை எடுத்து, கொண்டை ஊசியில் கோத்து, கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொள்கிறாள். "மேஜ மேலதான சார் கூடாது? தல மேல குந்திக்கட்டும்." பின்வரிசை டைப்பிஸ்ட் வடிவு சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமுகிறாள். நாகவல்லி, ஆபீஸ் கழித்த தாள்களைத் தானே தைத்துச் செய்த நாட்குறிப்பைத் திறந்து, மேனேஜர் கண்ணெதிரிலேயே இன்றைய வரியை நிதானமாக எழுதுகிறாள்: "கிளிக்குப் பதவி உயர்வு."