அச்சில் ஒரு பொட்டு

கார் முதிர்ந்து கூதிர் தொடங்கும் பருவம். மழை ஓய்ந்தும் வானம் தன் இருளைக் கைவிடவில்லை. மர அறுவை ஆலையின் முற்றத்தில் நீர் குடித்த தேக்குகள் துயில்கொள்ளும் யானைகளெனக் கிடந்தன. உள்ளே, ரம்பப் பட்டையை ஓட்டும் வட்ட இரும்புச் சக்கரம் மறுபடியும் நடுங்கியது. எதிரே நின்று மரத்தைத் தள்ளும் செங்கமலம் வெடுக்கெனக் கையை இழுத்துக்கொண்டாள். பட்டை அறுந்தால் முதலில் போவது அவள் விரல்களே.

சக்கரத்தை எடை பிசகாமல் சமன்செய்து கொடுத்த திருமேனிக்குப் பொறுமை கரைந்தது.

“மூணு தடவை கழற்றிட்டுப் போய் பேலன்ஸ் பண்ணியாச்சு. என் பட்டறையில பதவிசா சுத்துது, இங்க வந்ததும் சாமியாடுது! மாட்டுறப்ப என்னதான் பண்றீங்க?”

“நான் என்னண்ணே பண்ணேன்? பொட்டு வெச்சேன், அவ்வளவுதான்.”

அவர் சக்கரத்தை நிறுத்தி, விளிம்பின் உட்புறம் விரலை விட்டுத் தடவினார். நெல்லிக்காய் அளவுச் சந்தனம், சுழன்று சுழன்று கல்லாய் இறுகியிருந்தது. மூன்று முறையும் மர அழுக்கென்று எண்ணி அவர் கழுவிவிட்டது இதைத்தான்.

“பொட்டா இது? கொழுக்கட்டை!”

“என் விரலுக்கு அதுதாண்ணே காவல். வைக்காம பட்டனைத் தட்ட மாட்டேன்.”

வைய வாயெடுத்தவர் அவள் கைகளைப் பார்த்து அடங்கினார். சந்தனத்தைச் சுரண்டி எறிந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கடுகளவு புதிய சந்தனத்தைக் குழைத்து, அச்சின் நட்டநடுவே இட்டுக் கண்மூடி நின்றார். செங்கமலம் பட்டனைத் தட்டினாள். சக்கரம் நடுங்காமல் சுழன்றது, பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

“பத்து விரலோட நூறு வருஷம் இரும்மா.”