லூதரின் முறை

அந்தச் சொல் மங்கையின் நாக்கில் தயாராக இருந்தது. விழுங்கினாள்.

இன்று அதை அவள் சொல்லக் கூடாது. அவள் கணவர் லூதர்தான் சொல்ல வேண்டும்.

குவான்சாவின் இரண்டாம் நாள். கறுப்பு மெழுகுவத்திக்குப் பக்கத்தில் லூதரின் அக்கா ஒடெசா சிவப்பு ஒன்றைப் பற்றவைத்தாள்.

தங்கள் வேர் ஆப்பிரிக்காவில் என்று ஏழு நாள் கொண்டாடும் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம். நாளுக்கு ஒரு சொல். இன்று குஜிச்சகுலியா. என் முடிவு என்னுடையது என்று பொருள்.

ஒவ்வொருவரும் அதைச் சொல்ல வேண்டும். பிறகு தன் முடிவு ஒன்றையும். இந்த மேசையில் இன்று ஒருவருக்காக இன்னொருவர் வாய் திறப்பதில்லை.

மற்ற வருடங்களில் அது விளையாட்டு.

ஒடெசாவின் மகன் எழுந்தான்.

"குஜிச்சகுலியா. இந்த வருஷம் சிகரெட்டை விட்டுடறேன்."

"போன வருஷமும் இதையேதான்டா விட்ட."

சிரிப்பு. லூதரும் சிரித்தார், வாயின் ஒரு பாதியால்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்து அவர்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். அவர் முதல் எழுத்தில் திணறும்போதே அவள் மீதியைச் சொல்லிவிடுவாள். தண்ணீர். ஜன்னல். தலையணை. சரியாகத்தான் இருக்கும். அவர் தலையாட்டுவார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் கேட்டபோதும் அவள்தான் சொன்னாள். சரி, எடுத்துவிடுங்கள்.

சர்க்கரையில் கறுத்துப்போன இடது கால். நாளைக் காலை ஆபரேஷன். எடுக்காவிட்டால் சில வாரங்கள்தான் என்றார் டாக்டர்.

அன்று லூதர் தலையாட்டினாரா?

அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத்தான் ஒப்புதல் படிவத்தின் மேல் அவ்வளவு நேரம் குனிந்திருந்தாள்.

"லூதர்," என்றாள் ஒடெசா. "உன் முறை."

அவர் உதடுகள் கூடின. பிரிந்தன.

ஓர் ஒலி. பிறகு ஒன்றுமில்லை.

யாரோ நாற்காலியை நகர்த்தப் போய் நிறுத்திக்கொண்டார்.

அவள் மேசைவிரிப்பைப் பற்றினாள். வராமல் போகட்டும். அவருக்கு எதுவுமே வராமல் போகட்டும்.

தான் வேண்டிக்கொண்டது என்னவென்று அவளுக்கே கேட்டது.

லூதர் அவள் பக்கம் திரும்பினார்.

"வே," என்றார்.

நெற்றி வியர்த்திருந்தது.

"வேண்டா."

கல்யாணமான புதிதில், விருதுநகரில், அவள் அம்மா மூன்றாம் முறை சோறு வைக்க வந்தபோது இலைக்கு மேல் கையை விரித்து அவர் சொன்னது. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்.

மேசை முழுவதும் கைதட்டியது.

"பேசிட்டான்! என் தம்பி பேசிட்டான்!" ஒடெசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்ன சொன்னான், மங்கை?"

எல்லா முகங்களும் அவளிடம் வந்தன.

நன்றி என்று சொல்லலாம். பசிக்கிறது என்று சொல்லலாம். யாருக்குத் தெரியும்? தட்டுகள் வரும். காலையில் ஆஸ்பத்திரி வண்டி வரும்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சும் பார்வை இல்லை.

"வேண்டாம்னு சொல்றார்," என்றாள். "ஆபரேஷன்."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

ஒடெசா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ? உன் முடிவு?"

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ தொடங்கியது. நின்றுவிட்டது.

யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

லூதர் அவசரப்படாமல் காத்திருந்தார்.