விபூதித் தட்டு

வீடுகளைச் சோதித்துச் சான்று தரும் வேலைக்கு உரிமம் வாங்க, சகாயராணி செய்முறைத் தேர்வுக்கு வருவது இது மூன்றாவது முறை. இதிலும் தவறினால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேர்வு நடத்தும் குலசேகரன் தன் புது வீட்டையே அதற்குத் திறந்துவிட்டிருந்தார். தரை ஓடுகளைத் தட்டிப் பார்த்து முடித்தவள், பூஜையறை வாசலில் நின்றாள்.

"அங்க எதுக்கும்மா? போன தடவ வந்தவன் கும்பிட்டுட்டு நகர்ந்துட்டான்."

"அவரு பாஸா சார்?"

"பாஸ்தான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தட்டில் இருந்த விபூதியைத் தொட்டாள். அது ஈரத்தில் கட்டிதட்டிப் போயிருந்தது.

"முருகன் படத்தக் கழட்டணும் சார்."

"காலையிலதான் மாலை போட்டது." அவர் குரல் இறுகியது. "மார்க் போடப்போறது நான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

படத்தை மெல்லக் கழற்றினாள். பின்பக்க அட்டை நனைந்திருந்தது. சுவரில் புது வண்ணம் மட்டுமே தெரிந்தது. அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்கு நேர் மேல பாத்ரூமா சார்?"

அவர் பார்வை மாடிப்படிப் பக்கம் போனது. படத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"பிடிச்சுக்குங்க. நான் மேல போய்த் தண்ணியத் தொறந்து விடறேன். நீங்க சுவரையே பாருங்க."

மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. குலசேகரன் படத்தை மார்போடு அணைத்தபடி நின்றார். சற்று நேரத்தில் புது வண்ணத்தின் மேல் ஈரம் படர்ந்ததும், "போதும்மா, மூடு!" என்று கத்தினார்.

அவள் மூடவில்லை; மேலே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.