இடது கால் ஷூ

வாடகைக் கார், மலைப்பாதை, நடுவில் ஆற்றில் ரப்பர் படகு என்று வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான் கணவன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அந்த வளைவுகளை நினைத்தாலே அவனுக்குக் கை துறுதுறுத்தது. மனைவிக்கோ அந்தப் பயணமே பிடிக்கவில்லை.

மகளுக்கு இடது வலது இன்னும் பிடிபடவில்லை. அதனால் புது ஷூ எது வாங்கினாலும், இடது கால் ஷூவின் உள்ளே சிவப்பு நூலால் ஒரு பெருக்கல் குறி தைத்துவிடுவாள் அம்மா. இப்போதும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, பயணத்துக்கென்று வாங்கிய ஷூவை மடியில் எடுத்து வைத்தாள்.

வீடியோ காலில் படகுக்காரர் வந்தார். அங்கேயே குடியேறிவிட்ட நம் பாஷைக்காரர்.

"இந்தத் தடவையும் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று தயங்கிக் கேட்டார்.

"நாங்க வர்றதே இப்பதாங்க முதல் தடவை," என்று சிரித்தான் கணவன்.

அவர் சிரிக்கவில்லை. கரையில் கிடைத்ததென்று, வெளுத்துப்போன சின்ன ஷூ ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சிவப்பு நூலில் பெருக்கல் குறி.

அவள் மடியைப் பார்த்தாள். அதே ஷூ. இன்னும் ஒரு தையல்கூடப் போடவில்லை. ஊசியிலிருந்து நூலை உருவி எறிந்தாள்.

"நாம எங்கயும் போகல."

அதற்குள் மகள் ஷூவைப் பிடுங்கிக் காலில் மாட்டியிருந்தாள். சரியாக, இடது காலில்.

"அம்மா, உள்ள ஒரே ஈரமா இருக்கும்மா."