துண்டுக்குள் ஒரு துறைத் தலைவர்

துண்டைப் போர்த்தியாகிவிட்டது. இனி வாய் பேசக் கூடாது.

உள்ளே இரண்டு கைகள். ஒன்று அவளுடையது. இன்னொன்று துறைத் தலைவர் தாப்பியோவுடையது. பின்லாந்துக்காரர். ஆறடி நாலங்குலம். கை ஐஸ்கட்டி.

சுற்றிலும் பன்னிரண்டு மாணவர்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அது ஒன்றும் புதிதல்ல. செப்டம்பரில் அவள் பின்லாந்துக்குப் பாடம் நடத்த வந்ததிலிருந்தே அவர்கள் அப்படித்தான். கொங்கு நாட்டுச் சந்தைகளைப் பற்றி அவள் வாரம் இரண்டு முறை பேசினாள். அவர்கள் வாரம் இரண்டு முறை கேட்டார்கள். கேள்வி இல்லை. சிரிப்பு இல்லை. கொட்டாவிகூட இல்லை. கொட்டாவி விட்டாலாவது திட்டலாம்.

துறை அதற்கு ஒரு பெயர் வைத்தது. மாணவர் ஈடுபாடு குறைவு.

அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு பருவம். வருகைதரு பேராசிரியர் என்றால் வந்த வழியே போகிறவர் என்று அர்த்தம். அதனால்தான் குளிர்கால பூட்ஸ்கூட வாங்காமல், நனைந்த கேன்வாஸ் ஷூவோடு நடந்துகொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு வருடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். கடைசி வகுப்பை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக தாப்பியோ சொன்னார். ஆனால் இன்று உள்ளே வரும்போதே அவருடைய கோட்டுப் பையிலிருந்து ஓர் உறை எட்டிப் பார்த்தது.

சரக்கைப் பார்க்கும் முன்பே முடிவோடு வருகிற ஆட்களை அவளுக்குத் தெரியும். தம்பி கந்தவேல் அந்தியூர்ப் பக்கம் மாட்டுத் தரகன்.

அவன்தான் காலையில் போனில் சிரித்தான். “பேசாத கூட்டத்துல போயி மூணு மாசமாப் பேசீட்டிருக்கியா? எங்களப் பாருக்கா. நாங்க வாயே தொறக்கறதில்ல.”

போனை வைத்ததும் பெட்டியைக் கவிழ்த்து, ஊரிலிருந்து கொண்டுவந்த துண்டுகளை எடுத்தாள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டை மேலே போட்டு, உள்ளே எதிராளியின் விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று. முழுக் கை என்றால் ஐந்து. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு முகம் மட்டும்தான். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது.

இவ்வளவுதான் சொன்னாள். திரையில் ஒரு காங்கேயம் காளையின் படத்தைப் போட்டாள். இரண்டு பேருக்கு ஒரு துண்டு.

அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஊரில் எல்லாரும் பிறவித் தரகர்கள் என்று.

கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விரலை முறுக்கினார்கள். ஸைமா என்ற பெண் மூன்று மாதமாக ‘ஆமாம்’ தவிர எதுவும் சொல்லாதவள். எதிரில் இருந்தவன் கையை உதறிவிட்டு, “இதற்கு இந்தக் காளையின் வாலைக்கூடத் தர மாட்டேன்!” என்று கத்தினாள்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

பின்வரிசையில் தாப்பியோ எழுந்தார். “எனக்கும் ஒரு துண்டு உண்டா?”

“உண்டு,” என்றாள். “ஆனால் காளை வேண்டாம். என் பாடத்தைப் பேசுவோம். விரலுக்கு ஒரு வருடம்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. துண்டுக்குள் அவள் கை போவது இதுதான் முதல் முறை. சந்தையில் பெண்கள் கயிறு பிடிக்கலாம். தண்ணீர் காட்டலாம். துண்டுக்குள் கை விட முடியாது. முனைவர் பட்டம் வரைக்கும் அவள் படித்தது எல்லாம் வெளியே நின்று பார்த்ததுதான்.

தாப்பியோ அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்தார்.

ஒன்று.

அவள் அவருடைய கையை முழுதாகப் பிடித்தாள்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. மறுபடியும் சுண்டுவிரல். இந்த முறை கொஞ்சம் அழுத்தி.

முகத்தைப் பார்த்தால் போச்சு. அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.

கையை உருவிக்கொண்டாள்.

துண்டின் ஓரத்தை எடுத்து, அவசரமில்லாமல் மடிக்கத் தொடங்கினாள். ஒரு மடிப்பு. இன்னொன்று.

அவருடைய கை போகவில்லை.

நீட்டியது நீட்டியபடி, மேசைக்கு மேலே, அந்தரத்தில் நின்றது.

பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். ஸைமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் மடித்ததைப் பிரித்தாள். மறுபடி போர்த்தினாள்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்தது இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்ததெல்லாம், தாப்பியோவின் காது மெல்லச் சிவந்ததுதான்.

“எத்தனைக்கு முடிந்தது?” ஸைமாவுக்குப் பொறுக்கவில்லை.

“சந்தையில் அதையெல்லாம் கேட்பார்களா?” என்றார் தாப்பியோ. கோட்டுப் பையிலிருந்த உறையை எடுத்தார். கொடுக்கவில்லை. நான்காகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் கந்தவேல் கூப்பிட்டான். நடந்ததையெல்லாம் சொன்னாள், விலையைத் தவிர.

“எத்தனைக்குக்கா முடிஞ்சுது?”

“உன்ற யாவாரத்துல நான் கேட்டா நீ சொல்லுவியா?”

“அட! சொல்ல மாட்டியாமா!” என்றான். அந்தக் குரலில் இருந்த மரியாதை அவளுக்குப் புதிது.

போனைப் பையில் போட்டுக்கொண்டு, எதிரிலிருந்த செருப்புக் கடைக்குள் நுழைந்தாள்.

“இது மூன்று குளிர்காலம் தாங்கும்,” என்று கடைக்காரன் ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து வைத்தான்.

அவள் அதைக் கவிழ்த்து, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல அடிப்பாகத்தைப் பார்த்தாள்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நான்கு தாங்குகிற மாதிரி இருக்கிறதா?”